நாலு விரல் துணி

உடம்பு பெருத்தது அந்தத் தையல்காரருக்கே தெரியாது. வேறு யாராவது என்றால் பேண்ட் இறுக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். இவரோ இறுக்கும்போதெல்லாம் பின்தையலைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்ட துணியில் கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி தைத்து மாட்டிக்கொள்வார். கை அவருடையது, மிஷின் அவருடையது, கேட்பார் யார்? ஒருநாள் பிரித்துப் பார்த்தால் விடுவதற்கு உள்ளே துணியே இல்லை. அதே வாரம் முழங்காலும் மக்கர் பண்ணியது.

"எடையைக் குறைங்க, இல்லேன்னா மாடிப்படியை மறந்துடுங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

படியை மறந்தால் கடையையும் மறக்க வேண்டியதுதான். வீடு கீழ்த்தளம், கடை அதே கட்டடத்தின் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி வெட்ட, இவர் தைக்க, இரண்டு பேருமாய் உயிரைக் கொடுத்து வளர்த்த கடை.

"பேசாம என் இரும்புக்கடைக்கு வந்து கல்லாவில உக்காருங்க மாமா. ஃபேன் காத்து, மெத்தை போட்ட நாற்காலி" என்றான் மனைவியின் தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னான். இவருக்குத்தான் சுருக்கென்றது.

அன்றிலிருந்து வைராக்கியம். டாக்டர் காட்டிக்கொடுத்தபடி காலை நீட்டி மடக்குவார். பிறகு விடிந்தும் விடியாததுமாய்த் தெருத்தெருவாக நடை. எண்ணெய்ப் பலகாரம் வந்த திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. கடைக்கு ஏறும்போது மட்டும், முதல் நாள் போலவே, ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் ஏறுவார். அது பழகிப்போயிற்று.

எடை மிஷின் பக்கம் போகவில்லை. இடுப்பைப் பார்த்தே அளவு சொல்கிற மனுஷனுக்கு மிஷின் எதற்கு? பேண்ட் தானாக லூசாக வேண்டும், அதுதான் கணக்கு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சினன் கிண்டல் பண்ணுவானாம்.

மாதங்கள் போயின. பேண்ட் நேற்று அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாகவே நின்றது. "முகமெல்லாம் வத்திடுச்சுங்க" என்று மனைவி சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு காலையில் மனசு விட்டுப்போயிற்று. மனைவி முன்னாடியே கடைக்குப் போயிருந்தாள். இவர் நடைக்குப் போகவில்லை. மச்சினனுக்கு போன் போட்டு, "வர்றேன் மாப்ள" என்றார். நாளெல்லாம் கல்லாவில் உட்கார வேண்டுமே, இடுப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வோம், துணி இல்லாவிட்டால் ஒட்டாவது போடுவோம் என்று பிளேடை எடுத்துப் பின்தையலைப் பிரித்தார்.

உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

அவர்தான் கடைசி நூல்வரை வெளியே விட்டிருந்தாரே, இது எங்கிருந்து வந்தது? துணியை வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி போன தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. பேண்டை மாட்டிப் பார்த்தார். அது நிற்காமல் முழங்காலுக்குப் போய்விட்டது. பாவி மனுஷன், அதைப் பார்த்து அழுதேவிட்டார்.

பேண்டின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

கத்திரிக்கோலும் கையுமாய் நின்ற மனைவி, "என்னங்க இது கோலம்?" என்றாள்.

"நீ பிடிச்சுத் தைச்சியா?"

"ஆமா, துவைச்சு இஸ்திரி போடுறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பிடிப்பேன். தையல்காரர் பேண்டே தொளதொளன்னு தொங்கினா நம்மகிட்ட யாரு துணி குடுப்பா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இளைக்கவே இல்லைன்னு செத்துக்கிட்டு இருந்தேன்."

"இளைச்சிட்டீங்கன்னு வாய் வலிக்கச் சொன்னேனே, நீங்க காதுல வாங்கினாத்தானே."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாமா, நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கேன். கிளம்பிட்டீங்களா?"

"அதுல நீயே உக்காரு மாப்ள. நான் கடையில இருக்கேன். நாலு மாடியும் ஓடியே வந்தேன். நடுவுல எங்கேயும்..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. இரண்டு கையிலும் பேண்ட் இருந்தது, கம்பியை எதனால் பிடித்திருப்பார்? முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அது பாட்டுக்கு இருந்தது.

"கழட்டிக் குடுங்க, ஒரு தையல் போட்டுத் தர்றேன்" என்று மனைவி கையை நீட்டினாள்.

"கிட்ட வராதே. இன்னைக்கு முழுக்க இப்படித்தான் இருப்பேன், ஊரே பார்க்கட்டும்" என்றார். மிஷின் மேல் கிடந்த அளவு டேப்பை இடுப்பில் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கு மேல் மிச்சமிருந்த டேப் முழங்கால்வரை தொங்கியது. அதோடு மிஷினில் உட்கார்ந்து காலை மிதியில் வைத்தார்.