மாஸ்டரின் கிண்ணமும் பெய்ரோங்கின் வயிறும்

பிரபஞ்சம் முழுவதும் ஒரே ஒரு நாதத்திலிருந்து பிறந்தது. சியாயி நகரத்தில், உடம்பின் மேல் வெண்கலக் கிண்ணத்தை வைத்துத் தட்டி ஒலியெழுப்பும் லியாவ் மாஸ்டரின் தியான வகுப்புக்கு வருகிறவர்கள் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. கீழ்க்கடையில் முள்ளங்கி கேக் வறுபடும் சத்தமும் அந்த நாதத்தோடு மாடியேறி வரும் என்பதை மட்டும் மாஸ்டர் விளம்பரத்தில் போடவில்லை.

பாயில் மல்லாந்து படுத்திருந்த பெய்ரோங்குக்கு இரண்டாவது மாதம். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் உண்டானபோது இதே இரண்டாவது மாதத்தில் ஊருக்கெல்லாம் சொன்னாள்; ஒரே வாரத்தில் கலைந்துவிட்டது. மூன்று மாதம் முடியும்முன் வாயைத் திறந்ததால்தான் என்று மாமியார் அடித்துச் சொன்னாள். பெய்ரோங்குக்கும் அந்த நம்பிக்கை பாதிக்கு மேலேயே இருந்தது. அந்தப் பயத்தில் தூக்கம் போனது. தூக்கத்துக்காக மாமியார் இங்கே இழுத்து வந்தாள்.

மாஸ்டர் ஆரம்பத்திலேயே கேட்டார்.

"கர்ப்பமா இருக்கறவங்க கை தூக்குங்க. மூணு மாசத்துக்குள்ளன்னா இது வேண்டவே வேண்டாம், வெளிய உக்காந்து டீ குடிங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சவங்களும் சொல்லிடுங்க."

பெய்ரோங்கின் கை அரை அடி எழுந்தது. மாமியார் அதைப் பிடித்துப் பாயோடு அழுத்தினாள்.

"பேசாம இருடி. பக்கத்துல ஹுவாங் அம்மா படுத்திருக்கா. அவ காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள சந்தைக்கே தெரியும்."

"வயித்துல கிண்ணம் வெச்சா என்ன அத்தை பண்றது?"

"உனக்கு எங்க வெக்கப் போறாரு? நீ என்ன பெரிய மந்திரி பொண்டாட்டியா?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி மணி அடிக்கற வரைக்கும் கண்ணத் திறக்காதீங்க. திறந்தா, ஒலியோட வெளிய போன உயிர் திரும்ப வழி தெரியாம நின்னுடும்."

பெரிய கிண்ணம் முழங்கியது. தரை அதிர்ந்தது, அதிர்வு முதுகில் ஏறி அடிவயிற்றுக்குள் நுழைந்தது. அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் உயிர் போகும். வாயைத் திறந்தால் குழந்தை போகும். இரண்டையும் மூடியிருந்தால் கிண்ணம் வந்துவிடும். எதற்கு முதலில் பயப்படுவதென்று புரியவில்லை.

வெறுங்கால் சத்தம் நெருங்கி நின்றது. சந்தன வாசனை முகத்தில் மோதியது. யாரோ அவள் கைகளை மெதுவாக விலக்கி இரு பக்கமும் வைத்தார்கள். சில்லென்ற உலோகம் வயிற்றில் உட்கார்ந்தது.

"வேண்டாம் மாஸ்டர்," என்றாள் கிசுகிசுப்பாக.

பதில் இல்லை. தட்டுகோல் உயரும்போது சட்டைக் கை சரசரப்பது கேட்டது.

"மாஸ்டர், எடுத்துடுங்க!"

சரசரப்பு நிற்கவில்லை. போன வருஷத்து ஆஸ்பத்திரிக் கட்டிலின் குளிர் முதுகில் ஏறியது. பெய்ரோங் கண்ணைத் திறந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் உண்டாயிருக்கேன்! ரெண்டு மாசம்! என் வயித்துல அடிக்காதீங்க!"

கிண்ணம் உருண்டுபோய்ச் சுவரில் இடித்து நின்றது. அறை முழுக்கக் கண்கள் திறந்தன. எந்த உயிரும் வழி தவறியதாகத் தெரியவில்லை. மாமியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

"அடியம்மா, ரெண்டு மாசமா!" என்று ஹுவாங் அம்மாள் செருப்பைத் தேடினாள்.

பெய்ரோங் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வலி எதுவும் இல்லை. மாஸ்டர் மட்டும் தட்டுகோலை ஓங்கியபடியே அவள் உதட்டைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டபடி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

கிண்ணச் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.