ஒரு வரியை எடுத்ததற்கு

லீவில் போவதற்குள் சாஃப்ட்வேரில் உங்கள் பங்கான மாட்யூலைச் சுத்தம் செய்துவிடுங்கள் என்று டீம் லீடர் சொன்னதால்தான் அவள் அந்த வரியை எடுத்தாள். தேதிகளைக் கணக்கிட வெளியார் எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம் ஒன்றை, ஒரு லைப்ரரியை, கேட்டு வாங்கும் வரி அது. அவளுடைய தேடல் மாட்யூல் அதைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. எடுத்த பத்தாவது நிமிடம், எல்லா மாட்யூலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பில்டு திரை முழுக்கச் சிவப்பு. மீதிப் பதினொரு மாட்யூல்களும் படுத்துவிட்டன.

காரணம் தெரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொன்றும் அந்த லைப்ரரியை வைத்துத்தான் பிழைப்பு நடத்தியிருக்கின்றன. ஆனால் எனக்கு அது வேண்டும் என்று ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. தேடலுக்காக அவளுடைய மாட்யூலை இழுத்தால் கூடவே லைப்ரரியும் ஒட்டிக்கொண்டு வரும். வந்ததை வைத்துச் சொகுசாகக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடிச்சே," என்றார் ரிப்போர்ட் மாட்யூல்காரர். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அவருக்கு நேத்துக்காரர் என்றே பெயர்.

"என் புண்ணியத்துல ஓடிச்சு. உங்களுக்கு வேணும்னா நீங்கதானே சார் எழுதணும்?"

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "அந்த வரிய திருப்பிப் போட்டுடுங்களேன்மா. எதுக்கு வம்பு? பில்டு சிவப்பா இருந்தா லீவு கஷ்டம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இன்று மாலை ஆறு மணிக்கே ஊருக்குப் பஸ். திருப்பிப் போட ஒரு நிமிடம்தான். ஆனால் போட்டால், அந்த லைப்ரரிக்குத் தும்மல் வந்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய போன்தான் அடிக்கும். அப்பாவின் ஆபரேஷன் அன்று அப்படித்தான் அடித்தது. டாக்டர் வெளியே வந்து பேசியபோது அவள் காதில் போனோடு நின்றிருந்தாள்.

மேசை மேசையாகப் போய் நின்று எழுத வைத்தாள். எழுதினார்கள், அவரவருக்குத் தோன்றிய வெர்ஷனை. நேத்துக்காரர் ஏழு வருடப் பழசு, அடுத்தவர் போன வாரம் வந்த புதுசு. ஒரே லைப்ரரி நாலு வெர்ஷனில் மோதிக்கொள்ள, மறுபடியும் சிவப்பு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எல்லா மாட்யூலுக்கும் பொதுவான பேரண்ட் ஃபைலில் ஒரே ஒரு வெர்ஷனைக் குறித்துவிட்டு, அவர்கள் எழுதிய எண்களையெல்லாம் அழித்தாள். ஐந்தரைக்குத் திரை பச்சையானது.

"இத காலையிலயே செஞ்சிருக்கலாமே," என்றார் டீம் லீடர். பல்லைக் கடித்துக்கொண்டு பையை எடுத்தாள்.

மறுநாள் மதியம், ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா கேட்டாள்: "காலையிலேருந்து உன் போனே அடிக்கலியேடி?"

"அங்க யாருக்கும் நான் தேவைப்படலம்மா," என்றாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு பெருமையாக அவள் எதையும் சொன்னதில்லை.

அம்மா துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனச விட்டுடாத கண்ணு. வேற வேலை கெடைக்கும்."