பிரிட்ஜுக்குப் பின்னால்

பஞ்சலிங்கத்துக்கு வீட்டில் ஒரு டொக்டர் வேண்டும். அதற்கென்றே மகள் வினோஜா இருக்கிறாள். ஆனால் இரண்டு தரம் சோதினை எழுதியும் மருத்துவ பீடம் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது விஞ்ஞான பீடம், உயிரியல் படிக்க. பதிவதற்கு நாளை மத்தியானம் கடைசி.

"மூண்டாந்தரமும் எடு." அப்பா சுன்னாகம் சந்தையில் வெங்காயத்துக்கு விலை சொல்கிற அதே குரல், இறங்காது. "உதைப் படிச்சு என்ன வேலை பாக்கப் போறாய்? தவளை வெட்டுறதோ?"

வினோஜாவுக்கு உயிரியல் என்றால் உயிர். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை. அதுதான் அவளை அரித்தது.

போன மாதம் அம்மா டெங்குவோடு ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காப்பாற்றியது டொக்டர்தானே என்று அப்பா அதையும் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டார். நுளம்பு வந்தது பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் வளவிலிருந்து என்று தானே தீர்ப்பும் சொல்லி, வேலியோடு நின்று சத்தம் போட்டு, கதை பேச்சையும் முறித்துவிட்டார்.

இன்று காலை வாசல் படலையில் ஓர் இளம்பெண், கையில் டோர்ச். "சுகாதாரப் பகுதியிலை இருந்து வாறன் ஐயா. என்ரை பேர் றொசாந்தி. நுளம்பு பாக்க வந்தனான்."

"நீங்கள் டொக்டரோ பிள்ளை?"

"இல்லை ஐயா, உயிரியல் படிச்சனான்."

அப்பாவின் முகத்தில் மரியாதை பாதியாகக் குறைந்தது. "இஞ்சை ஒண்டும் இராது. பக்கத்து வீட்டைப் போய்ப் பாருங்கோ."

றொசாந்தி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கிணற்றடி சுத்தம், பூச்சாடிகள் சுத்தம். அப்பா மீசையைத் தடவினார். பிறகு அவள் குசினிக்குள் போய் பிரிட்ஜை முன்னுக்கு இழுக்கச் சொன்னாள். பின்பக்கத் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் நுளம்புக் குடம்பிகள் சின்னப் புழுக்களாய் நெளிந்தன.

ஒன்றைப் போத்தலில் எடுத்து, பூதக்கண்ணாடியோடு, பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த வினோஜாவிடம் நீட்டினாள். வினோஜா மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

"மூச்சுக்குழாய் கட்டையாக் கிடக்கு. டெங்கு நுளம்பின்ரையோ அக்கா?"

"ஓம்! சரியாச் சொல்லிப்போட்டீர்."

அப்பா குனிந்து தட்டைப் பார்த்தார். "அப்ப என்ரை மனிசியைக் கடிச்சது..."

"இஞ்சை வளந்ததாயும் இருக்கலாம் ஐயா."

"டொக்டர்மார் உதைச் சொல்லேல்லையே?"

"அவைக்கு வருத்தக்காரரைப் பாக்கவே நேரமில்லை. நுளம்பைப் பாக்கத்தான் எங்களைப் போட்டிருக்கினம்."

நுளம்பு வளரவிட்டதற்கான எச்சரிக்கைக் கடிதத்தை எழுதாமல் விடச் சொல்லி அப்பா கெஞ்சிப் பார்த்தார். றொசாந்தி இனிமையாக மறுத்துவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பா தட்டைத் தானே மூன்று தரம் கழுவினார். வெட்கத்தில் அப்பா இன்னும் பிடிவாதமாவாரோ என்று வினோஜாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. நாளை மத்தியானத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தபடி நின்றாள். அப்பா நேரே வேலியடிக்குப் போனார்.

"குணலட்சுமி அக்கா! பிழை எங்கடை பக்கம்தான். மனசிலை வைக்காதையுங்கோ." குரல் மெல்ல மெல்லச் சந்தைக் குரலானது. "உங்கடை பிரிட்ஜையும் ஒருக்காப் பாக்கோணும். என்ரை மகள் வருவாள். அவள் உதுதான் கம்பசிலை படிக்கப் போறாள். இண்டைக்கே பதியிறம்."

வினோஜா குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"டொக்டருக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?" குணலட்சுமி விடவில்லை.

"என்ன கதை கதைக்கிறியள் அக்கா? டொக்டர் வந்து உங்கடை பிரிட்ஜை இழுத்துப் பாப்பாரே?" என்றார் பஞ்சலிங்கம். "பிள்ளை, டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வா!"