மாமாவின் வாய்க்குக் காவல்

அந்த ஏழு மாதமாகப் பொற்கொடிக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மாமனார் தங்கமுத்துவின் வாய்க்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வது. கேட்க லேசாகத்தான் இருக்கும். நாலு ஏக்கர் கடலைக்கொல்லையைப் பன்றியிடமிருந்து காப்பாற்றிவிடலாம், சொந்தக்காரர்களிடமிருந்து ஒரு மனிதனின் வாயைக் காப்பாற்ற முடியாது என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தங்கமுத்து ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர். தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் ஒரு ஜோடி மாடு கைமாறுவதற்குள் நாலு டீ உள்ளே போய்விடும். எழுபத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கூடவே தொண்டையும் விழுங்குவதை மறந்துபோனது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போன இரண்டு தடவையும் தூக்கக் கலக்கத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்தார். காய்ச்சல் கண்டு, மூச்சு இரைத்து, நூற்றியெட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும்படி ஆனது. அப்புறம் அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி ஹாலிலேயே ஜன்னலோரக் கட்டில் அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் பொற்கொடியும் நிரந்தரமானாள். அவள் புருஷன் சேரன் குவைத்தில் இருந்தான். என்ன கேட்டாலும் போனில், "நீ பாத்துச் செய்யி" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் ஜஸ்டின் ஆரம்பத்திலேயே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "அம்மா, மாசக்கணக்காப் படுத்திருக்க வயசானவங்களுக்குப் புதுசாப் பெரிய வியாதி வரணும்னு இல்ல. ஒரு மடக்குத் தண்ணி வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போனாப் போதும். நமக்குப் புரை ஏறினா இருமித் தள்ளிருவோம். இவருக்கு இருமவும் தெம்பு கெடையாது. நிமோனியா புடிச்சா தாங்க மாட்டாரு."

பொற்கொடி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். இளநீரோடு வருவார்கள். ஒருவர் ஆட்டுக்கால் சூப்போடே வந்தார். "குடுக்கக் கூடாதுங்க" என்றால், "வாய நனைக்க மட்டும்" என்பார்கள். சுவரில் நர்ஸ் சுடர்விழி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த தாளைக் காட்டினால், அது பக்கத்துக் கட்டிலுக்கு என்பார்கள். வெளியே போய், மருமகள் கிழவனைப் பட்டினி போடுகிறாள் என்பார்கள். அதுவும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

இவர்களையாவது விரட்டலாம். தங்கமுத்துவை என்ன செய்வது? காலையில் கண் விழித்ததும், குழறுகிற நாக்கால் அவர் சொல்லும் முதல் வார்த்தை "டீ". சாயங்காலம் கடைசி வார்த்தையும் அதுதான். தினம் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவரைவிட அவளுக்குத்தான் தொண்டை வறண்டது.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. திருச்சியிலிருந்து விழுங்கும் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா வெள்ளிக்கிழமை வந்து சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடானது. தேறிவிட்டால் குழாயை எடுத்துவிடலாம், வீட்டுக்குப் போகலாம் என்றார் ஜஸ்டின். பொற்கொடி மாமனாரின் காதோரம் குனிந்தாள்.

"மாமா, வெள்ளிக்கெழம மட்டும் நல்லபடியா முழுங்கிக் காமிச்சிருங்க. நானே கீழ போயி டீ வாங்கியாந்து தாரேன்."

அவர் அன்றிலிருந்து டீ கேட்பதை நிறுத்திவிட்டார். "வெள்ளிக்கெழமையா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்று அவள் தலையாட்டினால் கண்ணை மூடிக்கொள்வார்.

புதன்கிழமை கட்டிலில் இருந்த காற்று மெத்தை பஞ்சரானது. முதுகுப் புண்ணுக்காகப் போட்டிருந்த மெத்தை அது. புதுசு மாற்றுகிற வரைக்கும் தங்கமுத்துவைக் கீழே எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார்கள், பொற்கொடியும் கூடப் போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் பிரவீன்குமார் மாடிக்கு வந்தான். தங்கமுத்துவின் தம்பி வீரய்யாவின் மகன். குடும்பத்து வாட்ஸப் குரூப்புக்கு அவன்தான் தலைவர். கட்டில் காலி. மெத்தை சுருட்டிக் கிடந்தது. யாரையாவது கேட்கலாம். கேட்கவில்லை. படி இறங்குவதற்குள் குரூப்பில் போட்டுவிட்டான்: பெரியப்பா ரொம்ப சீரியஸ், பார்க்கிறவர்கள் உடனே வரவும்.

மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

படி ஏறுகிற சத்தத்திலேயே பொற்கொடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன்னால் வீரய்யா, பின்னால் பிரவீன்குமார், அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி கையில் சொம்பு நிறையப் பால். இன்னொருத்தியிடம் ஒரு பொட்டலம். அதில் கொல்லைக்காட்டு மண். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் சொந்த மண்ணைக் கரைத்து ஊற்ற வேண்டும், ஆசை அடங்கிப் போய்விடும் என்று அந்த மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பொற்கொடி ஹால் வாசலில் குறுக்கே நின்றாள். "யாருக்குச் சின்ன மாமா இந்தப் பாலு? அவரு நல்லாத்தான் இருக்காரு. நாளைக்குக் கொழாய எடுக்கப் போறாங்க."

"குரூப்புல போட்டிருந்தானே" என்றார் வீரய்யா.

"மெத்த ஓட்டையாப் போச்சுன்னு கட்டில் காலியாக் கெடந்துச்சு. அதப் பாத்துட்டுப் போட்டிருக்கான்."

பிரவீன்குமார் போனை எடுத்துப் பார்த்தான். "நான் சீரியஸ்னுதான் போட்டேன் அண்ணி. வேற ஒண்ணும் போடல."

வந்தது வந்தாகிவிட்டது, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிவிட்டுப் போகிறோம் என்றாள் ஒருத்தி. நல்லா இருக்கிறவருக்குப் பால் ஊற்றினால் ஆயுசு கூடும் என்றாள் மற்றொருத்தி. அதை எந்த ஊரில் யார் சொன்னார்கள் என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை. அவள் குரல் உயர்ந்தது. நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். சுடர்விழி வந்து, ஒரே ஒரு ஆள் உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் கீழே போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரே ஆளாகச் சந்தனத்தை உள்ளே விட்டது பொற்கொடிதான். தங்கமுத்துவின் தங்கச்சி. மூட்டு வலியோடு அத்தனை படியும் ஏறி வந்தவள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள். கூட்டத்திலேயே வம்பில்லாத ஆள் என்று நினைத்து, "நீங்க உள்ள ஒக்காருங்க சின்னம்மா" என்று ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள். மற்றவர்களைக் கீழே ஓட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் படியிலேயே வீரய்யா நின்றுகொண்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பார் என்று ஆரம்பித்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றதுதான் பொற்கொடி செய்த தப்பு.

மேலே சுடர்விழி சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. பொற்கொடி ஓடினாள்.

தங்கமுத்துவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கடைவாயிலிருந்து பால் வழிந்து கழுத்தில் ஓடியது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் சந்தனம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு இருந்தது. சங்கை மடியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள்; கீழே போனவர்கள் விட்டுப்போன பால் சொம்பு ஸ்டூலடியில் இருந்தது.

அப்புறம் நடந்ததையெல்லாம் பொற்கொடி சுவரோரம் நின்று பார்த்தாள். ஜஸ்டின் வந்தார். வாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். வெள்ளை வெள்ளையாக வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தார்கள். விரலில் மாட்டிய மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. ஏழு மாதம். ஹார்லிக்ஸ், இளநீர், சூப்பு என்று அத்தனையையும் தடுத்தவள், ஒரு சங்குப் பாலில் கோட்டை விட்டாள்.

"என்ன செஞ்சீங்க சின்னம்மா?"

சந்தனம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன்தான்த்தா கேட்டான். 'சந்தனம், தொண்ட காயிது'ன்னான். எம் பேரச் சொல்லிக் கேட்டான். கூடப் பொறந்தவ நான், இல்லைன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

தினம் தினம் பொற்கொடியிடமும் அவர் கேட்டார். அவள் இல்லை என்று சொன்னாள், இவள் சொல்ல மாட்டாமல் போனாள். இதில் யாரைத் திட்டுவது என்று தெரியாததே அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. ஜஸ்டின் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வென்டிலேட்டரில் வைக்கலாம். ஆனால் இந்த வயதில், இத்தனை மாதம் படுத்த உடம்பு, மெஷினிலிருந்து திரும்பி வருவது கஷ்டம். வழியிலேயேகூட எதுவும் ஆகலாம். இல்லையென்றால் இங்கேயே ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்து, மூச்சு முட்டாமல், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

"மெஷின்ல வைங்க" என்றார் வீரய்யா உடனே. "அண்ணன சும்மா விட்டுட்டோம்னு ஊர்ல ஒரு பேச்சு வரக் கூடாது."

பொற்கொடி அவரையே பார்த்தாள். "காலையில சொம்புல பால் கொண்டாந்தீங்க. இப்ப மெஷினு கேக்குறீங்க. ஒங்களுக்கு அவரு போகணுமா, இருக்கணுமா சின்ன மாமா? ஒரு நாளைக்கு ஒரு பேச்சாவது பேசுங்க."

வீரய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். சேரனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம் அழுதுகொண்டே, "நீ பாத்துச் செய்யி" என்றான். இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் வேறு என்னதான் சொல்லுவான்.

அவள் கட்டிலுக்குப் போனாள். மாஸ்க்குக்கு மேலே தங்கமுத்துவின் கண் திறந்திருந்தது.

"மாமா, ஒங்கள மெஷின் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமான்னு கேக்குறாங்க. போவமா?"

அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். நல்ல கையைத் தூக்கி மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"வெள்ளிக்கெழமையா?"

அன்று வியாழன். இந்த மனுஷனுக்குப் புத்தி பூராவும் அந்த டீயிலேயே நிற்கிறதே என்று பொற்கொடிக்குக் கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஆமா மாமா. வெள்ளிக்கெழமதான்."

வெளியே வந்து ஜஸ்டினிடம், எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னாள். டீயைப் பற்றியும் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே பசிக்குன்னு எதுவும் குடுக்க வேணாம். ஆசைக்குன்னா குடுக்கலாம். நல்லா நிமித்தி ஒக்கார வச்சு, சொட்டுச் சொட்டா. புரை ஏறும்னு தெரிஞ்சேதான் குடுக்குறீங்க, அத மனசுல வச்சுக்கங்க."

தங்கமுத்து அதற்கப்புறம் இருந்தது சனிக்கிழமை விடியும் வரைக்கும்தான். மண் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை, அது வேனிலேயே ஊருக்குத் திரும்பிப் போனது. ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பொற்கொடி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போய், சீனி தூக்கலாக ஒரு டீ வாங்கிக்கொண்டு படி ஏறி வந்தாள். ஏழு மாதத்தில் அந்தக் கடையை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறாள். அவர் படுத்துக் கிடக்க நான் மட்டும் எப்படிக் குடிப்பது என்று ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை.

ஹால் வாசலில் சந்தனம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் உள்ளே வரவும் இல்லை, வேனில் ஏறவும் இல்லை.

"எந்திரிங்க" என்றாள் பொற்கொடி.

"நான் வரலத்தா. எங் கையால அவனுக்கு வேற எதுவும் ஆக வேணாம்."

"நிமித்திப் புடிக்க ஆள் வேணும். நான் ஒருத்தி எத்தனையத்தான் புடிப்பேன்? எந்திரிச்சு வாங்க."

சுடர்விழி கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினாள். சந்தனம் கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணனின் தோளுக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்தாள். பொற்கொடி மாஸ்க்கை நகர்த்திவிட்டு ஸ்பூன் நுனியில் டீயை எடுத்து உதட்டில் வைத்தாள். அவர் சப்பினார். தொண்டைக்குழி மெதுவாக ஏறி இறங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். இருமல் வரவில்லை.

"சீனி பத்தல" என்றார் தங்கமுத்து.

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். ஸ்பூனை மறுபடியும் டம்ளரில் முக்கினாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடவே எடுத்தாள்.

"ஏத்தா, பாத்து" என்றாள் சந்தனம் பதறிப்போய், அண்ணனை இன்னும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே. "கொஞ்சமாக் குடு. பொரை ஏறிறப் போகுது."

"தெரியும் சின்னம்மா" என்றாள் பொற்கொடி.