போர்வைக்குள் ஈரம்

ஈரல் கட்டி பெரிய ரத்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டது, இன்றோடு சரி, இனி இந்தச் சிகிச்சை செய்ய முடியாது என்று டாக்டர் இந்தியில் சொன்னார். அதை உம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்று செம்பூர் ஆஸ்பத்திரியின் நடைபாதை முழுக்க யோசித்தும் சாயிமாவுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

வார்டில் மதீனா பீவி வலது காலை நீட்டியபடியே படுத்திருந்தார். காலையில்தான் தொடையிடுக்குத் தமனியில் துளையிட்டு, குழாய் விட்டு, ஈரலுக்கு மருந்து செலுத்தியிருந்தார்கள். ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. அவர் மடக்கவேயில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கைகளும் போர்வையை இறுகப் பிடித்திருந்தன.

"ஏளா, கிட்ட வா. படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன் போலுக்கு. சூடா நனைஞ்சிருக்கு."

"யாரும் வந்து பாக்கலியா உம்மா?"

"ஒருத்தன் வந்தான். ஆம்பளப் பய. டீக் ஹை, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன். மாத்துத் துணி வச்சிருக்கியா?"

சாயிமா போர்வையை விலக்கினாள். விரிப்பு இடுப்புவரை சிவந்திருந்தது.

அவள் போட்ட கூச்சலில் ஊர்ப்பக்கத்து நர்ஸ் இசக்கிசெல்வி ஓடி வந்தாள். தொடையில் போட்டிருந்த கட்டைப் பிரித்து, துளைக்குச் சற்று மேலே விரல்களை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள்.

"எப்பருந்து நனையுது?"

"பாங்கு சொன்னதுல இருந்து."

"அரை மணி நேரமாவா? ஈரல் கெட்டவுகளுக்கு ரத்தம் லேசுல உறையாது. வெக்கத்துலயே உசுர விட்டிருப்பியளே!"

"அப்ப அது மூத்திரம் இல்லியா?"

"ரத்தம், உம்மா," என்றாள் சாயிமா.

"ரத்தந்தானா?" மதீனா பீவி பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்."

இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை. இருபது நிமிடம். நெற்றி வேர்வை மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. டாக்டரும் வந்து பார்த்தார். கசிவு நின்றிருந்தது. புதுக் கட்டுப் போடச் சொன்னார். ஆறு மணி நேரம் இனி முதலிலிருந்து.

அவர் போனதும் மதீனா பீவி கேட்டார்: "அடுத்த தடவையும் இப்படித்தான் ஆளாளுக்குத் துணியத் தூக்கிப் பாப்பாவளா?"

சாயிமா பையிலிருந்து மாற்றுத் துணியை எடுத்தாள்.

"அடுத்த தடவ இல்ல உம்மா. டாக்டர் சொல்லிட்டாரு."

"நெசமாவா?"

"ஆமா."

வெளுத்த முகம் மலர்ந்தது. "கேட்டியா புள்ள," என்றார் இசக்கிசெல்வியிடம், "இனி வேண்டாமாம்."

கட்டின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி நிமிர்ந்து சாயிமாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த இடத்தையே மறுபடி தடவிவிட்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "இனி வேண்டாம்."