நானூற்றுப் பதினேழாவது மச்சான்

கருமத்தம்பட்டிக் கந்தப்பனுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. பதினாறு விசைத்தறி வைத்திருந்தார். தறி ஓடினால் அதோடு நடப்பார், தறி நின்றால் ஏன் நின்றது என்று நடப்பார். சாப்பிடும்போது மட்டும் உட்காருவார். அப்போதும் ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மகள் லோகப்பிரியாவின் படிப்புக்காக, கோட்டைமேட்டு சுஃப்யான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தது. மகள் விடுதிக்குப் போன பிறகு பெட்டி கந்தப்பனிடம் மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு ஓர் இணைப்பு வரும். அதில், வீட்டுக் கணினியிடம் கூடுதலாக வேலை வாங்கும் வழிகள் என்று வாரம் பத்து யோசனை போடுவார்கள். கந்தப்பன் பத்தையும் அன்றே செய்துவிடுவார். மவுஸின் வயிற்றில் இருக்கும் உருண்டையைக் கழற்றித் துடைக்கச் சொன்னார்கள். துடைத்ததோடு நிற்காமல் தறிக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். அன்றிலிருந்து திரையில் அம்புக்குறி எதன்மேலும் நிற்கவில்லை. தானாக வழுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். பெட்டி சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நூல் அறாமல் இருக்கத் தறிக்கூடத்தில் ஈரச்சாக்கு தொங்கவிடுவது வழக்கம்; இங்கேயும் ஒன்றைத் தொங்கவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தவளை இருந்ததாக சுஃப்யான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது பொய். மிகச் சின்னத் தவளைதான்.

இதெல்லாம் விளையாட்டு. வினை வந்தது லோகப்பிரியாவின் கல்யாணப் பட்டியலில்.

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பது சின்ன வேலை இல்லை. தபாலில் பத்திரிகை அனுப்பினால் வரமாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுப்படி ஏறி அழைக்க வேண்டும். அதிலும் முறை உண்டு. சாமிக்கு முதல் பத்திரிகை, அடுத்தது தாய்மாமன் வீடு, அதன்பின் யாருக்குப் பின் யார் என்று ஒரு வரிசை. ஒரு வீடு முன்பின்னாகப் போனால் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்குப் பேசாது.

கந்தப்பனுக்கு அது அனுபவத்தில் தெரியும். லோகப்பிரியாவுக்கு மூன்று வயதில் காது குத்தியபோது, மனைவி முத்தாத்தாளின் அண்ணன் ஐயாசாமியை அழைக்க உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பினார். போகிற வழியில் இரண்டு வீடுகள் இருந்தன. மறுபடி இந்தப் பக்கம் வருவானேன் என்று அந்த இரண்டு வீட்டிலும் பத்திரிகையை நீட்டிவிட்டுப் போனார். சேதி அவருக்கு முன்னால் உடுமலை போய்ச் சேர்ந்திருந்தது. ஐயாசாமி மோர் கொடுத்து அனுப்பினார். காது குத்துக்கு வரவில்லை. குழந்தையை வேறொருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். பதினெட்டு வருஷமாக முத்தாத்தாள் அந்தக் கம்மலைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இந்தத் தடவை எங்கண்ணன் வரோணுங்க," என்றாள் அவள், கல்யாணம் நிச்சயமான அன்று. "வரலீன்னா நான் மணவறைப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன். நீங்களே தாரை வார்த்துக்கங்க."

அதனால் இந்த முறை பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பதினோரு சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் வாதாடி, அறுநூற்று நாற்பத்தொரு வீட்டை வரிசைப்படுத்தினார்கள். கந்தப்பன் ஒற்றை விரலால் கட்டம் கட்டமாகத் தட்டினார். முதல் கட்டத்தில் ஐயாசாமி. வரிசை எண் போடவில்லை. ஓரத்தில் பெட்டியே ஒன்று இரண்டு என்று போட்டுக்கொள்கிறதே, நாம் ஏன் தட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. கணினி வந்த வீட்டில் காகிதத்தைக் குறையுங்கள் என்று ஒரு யோசனை வந்திருந்ததால், எழுதி வைத்த நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது.

அழைப்புக்கு நாள் பார்த்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஏழாவது யோசனை: 'பட்டியல் தாறுமாறாக இருக்கிறதா? ஒரே சொடுக்கில் ஒழுங்காக்கலாம்.'

கந்தப்பன் சொடுக்கினார். திரையில் மணற்கடிகாரம் இரண்டு தரம் புரண்டது. பட்டியல் ஒருமுறை குலுங்கி நின்றது. மூன்றாவது யோசனைப்படி உடனே சேமித்தார். நான்காவது யோசனைப்படி முறையாக மூடி, பெட்டியை அணைத்து, துணி போர்த்தினார். காபி குடித்துவிட்டு வந்து திறந்து பார்த்தார்.

முதல் கட்டத்தில் செங்கோடன் இருந்தார்.

ஓரத்து எண்கள் ஒன்று இரண்டு என்று அசையாமல் நின்றன. ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். அதுவும் அகர வரிசை என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் வேறு கணக்கில் இருந்தது. கொம்பு வைத்த பெயர்க்காரர்கள் எல்லாம் ஒரே கும்பலாக நின்றார்கள். வாய்க்கால் தகராறில் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள் தோள் உரசிக்கொண்டு நின்றன. ஐயாசாமி நானூற்றுப் பதினேழாவது.

கந்தப்பன் எழுந்தார். அதன்பின் புதன்கிழமை வரை அவர் உட்காரவில்லை.

திங்கள் காலை சுஃப்யான் வந்தார். நாற்பது வயது மனிதர், யாரையும் பதற விடாதவர்.

"சேவ் பண்ணிட்டீங்களாண்ணா?"

"பண்ணச் சொல்லித்தானே போட்டிருந்தான்."

"மூடிட்டீங்களா?"

"அதையும் போட்டிருந்தான்."

"அப்ப திருப்ப முடியாதுங்க. பிளாப்பியில காப்பி எடுக்கச் சொன்னேனே?"

அந்தப் பிளாப்பி இருந்தது. ஆயுத பூஜையன்று தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தபோது முத்தாத்தாள் அதையும் விடவில்லை. தகட்டு மூடியை நகர்த்தி, நடுவில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள். சுஃப்யான் அதை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நல்ல சந்தனமுங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

நினைவிலிருந்து மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள். முத்தாத்தாள் உட்கார்ந்தாள், கந்தப்பன் சுற்றி வந்தார். இருபத்து மூன்றாவது வீட்டில் சண்டை வந்தது.

"பங்காரு ஊட்டுக்கு அப்புறம்தானுங்க நஞ்சம்மா ஊடு."

"போன வாரம் நீதானே மாத்தச் சொன்னே அம்மணி?"

"நான் மாத்தச் சொன்னது சுப்பையனை. உங்களுக்கு ஒரு இடத்துல நின்னு காது கேட்டாத்தானே?"

செவ்வாய்க்கிழமை தறிக்கு விடுமுறை. தறிச் சத்தம் இல்லாததால் கந்தப்பனுக்கு இன்னும் மோசம். வாசலுக்குப் போவார், திரும்பி வந்து பெட்டியைத் திறப்பார், முதல் கட்டத்தில் இன்னும் செங்கோடன்தானா என்று பார்ப்பார், மூடுவார், தறிக்கூடத்துக்குப் போவார். ஒரு வேளை பட்டியலைத் தலைகீழாக்கினால் சரியாகுமோ என்று சொடுக்கினார். அப்போது ஐயாசாமி இருநூற்று இருபத்தைந்துக்கு வந்தார். கொஞ்சம் முன்னேற்றம்தான், ஆனால் காது குத்துக்கு அவர் மூன்றாவதாக இருந்ததற்கே வரவில்லை. அந்த மூன்று நாளில் கந்தப்பன் வீட்டுக்கும் தறிக்கும் நடந்ததை நேர்ரோட்டில் நடந்திருந்தால் வால்பாறைக்குப் போய் நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். செருப்பு ஒன்று தேய்ந்து மறு செருப்பைவிட அரை அங்குலம் தாழ்ந்துவிட்டதால், அவர் நடக்கும்போது ஒரு பக்கமாகவே வளைந்துகொண்டு போனார் என்று தறிக்காரர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் சுஃப்யான் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்த வரிசை வேற எங்கியாச்சும் இருக்குமாண்ணா? யாருக்காச்சும் குடுத்து வெச்சீங்களா?"

கந்தப்பன் இல்லை என்று தலையாட்டினார். முத்தாத்தாள்தான், "ஒருத்தர்கிட்ட இருக்குதுங்க," என்றாள்.

"எந்த டிஸ்க்லங்க அக்கா?"

"மண்டையில."

ஐயாசாமி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்திக்குப் போகமாட்டார். வாசலோரம் நாற்காலி போட்டு, யாரை முதலில் அழைத்தார்கள், யாருக்கு முதலில் வெற்றிலை கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். கோபக்காரருக்கு மறதி கிடையாது. பதினெட்டு வருஷமாக, காது குத்துக்குத் தன்னை மூன்றாவதாக அழைத்த கதையைச் சொல்லும்போதெல்லாம், முறைப்படி எப்படி அழைத்திருக்க வேண்டும் என்று ஒன்றிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பாராம்.

"வெள்ளிக்கிழமைதானே நாளு? புதன்கிழமை போய் நின்னா என்ன நினைப்பாரு?" என்றார் கந்தப்பன்.

"சாமிக்கு வெச்சுட்டுப் போலாமுங்க. நாளைக்கும் நல்ல நேரம் இருக்குது. வழியில மட்டும் எங்கியும் வண்டிய நிறுத்தப்படாது. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கங்க."

புதன் காலை மாரியம்மன் கோயிலில் ஒரு பத்திரிகையை வைத்துவிட்டு அம்பாசிடர் கிளம்பியது. முன்சீட்டில் சுஃப்யான், கால்களுக்கிடையே பெட்டி. பின்சீட்டில் கந்தப்பன். பக்கத்தில் முத்தாத்தாள், மடியில் மானிட்டர், வெயில் படாமல் அதன் தலையில் துண்டு. பல்லடத்தில் ஒரு சொந்தக்காரர் கை காட்டினார். கந்தப்பன் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டார். அடுத்த ஊரில் இன்னொருவர் டீக்கடையிலிருந்து எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டார். வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. உடுமலை வரை கந்தப்பன் கதவுப்பிடியை ஏற்றியும் இறக்கியும் வந்ததில் அது கையோடு வந்துவிட்டது. கையில் அதோடுதான் இறங்கினார்.

ஐயாசாமி களத்தில் ஆட்களை வைத்துத் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். எழுபது வயது, வெள்ளை மீசை. தங்கை இறங்குவதைப் பார்த்தும் நகரவில்லை.

"இதென்ன அம்மணி, கொழந்தையாட்டம் மடியில வெச்சுட்டு வாரே?"

"உங்க மருமவளோட பொட்டிங்கண்ணா."

"காதுகுத்துக்குக் கொழந்தைய மடியில வெக்கக் குடுக்காத எனக்கு இதைத் தூக்கிட்டு வந்தியா?"

கந்தப்பன் தட்டை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பத்திரிகை, அவசரத்தில் கதவுப்பிடியும் சேர்ந்து தட்டில் இருந்தது. ஐயாசாமி தட்டைத் தொடாமல் கேட்டார்.

"எனக்கு முன்னால எத்தனை ஊட்டுக்குப் போனீங்க மாப்ள?"

"மாரியாத்தாவுக்கு வெச்சேனுங்க. அப்புறம் ஒரு ஊட்டுக்கும் போகலீங்க மச்சான்."

"வழியில?"

"குனிஞ்சுட்டு வந்தேனுங்க."

ஐயாசாமி தங்கையைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். அதன்பின் கந்தப்பனுக்கு நா நிற்கவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டினார். நானூற்றுப் பதினேழையும் மறைக்கவில்லை. ஐயாசாமியின் மீசை ஒரு பக்கம் ஏறியது.

"முதல்ல யாரு வந்திருக்கான்?"

"செங்கோடனுங்க."

"செங்கோடனா? அவனுக்கு முன்னால நாப்பத்தொரு ஊடு கெடக்குது. அடுத்தது?"

"பெரியண்ணனுங்க."

"போச்சு. அந்த ரெண்டு பேரும் ஒரே சோப்புல கை கழுவ மாட்டானுங்க. ஏனுங்க பாய், அதைக் கூடத்துல வெச்சு மாட்டுங்க. இதைக் கேட்டுட்டு என்னால உக்கார முடியாது."

அவராலும் உட்கார முடியவில்லை. கூடத்தில் மேற்கும் கிழக்குமாக நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். கந்தப்பன் கிழக்கும் மேற்குமாக நடந்தார். இருவரும் நடுவில் சந்திக்கும்போதெல்லாம் ஒரு பெயர் விழுந்தது, சுஃப்யான் தட்டினார். இந்தத் தடவை முதல் வேலையாக, பெயருக்கு முன்னால் ஒரு கட்டம் ஒதுக்கி எண்ணையும் கையாலேயே தட்டினார். இனி யார் எப்படிக் குலைத்தாலும், அந்த எண்ணை வைத்து ஒரு நிமிஷத்தில் திரும்ப அடுக்கிவிடலாம் என்று கந்தப்பனிடம் சொன்னார். இதை ஏன் இணைப்பில் போடவில்லை என்று கந்தப்பனுக்கு வருத்தம்.

பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்தது. இடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எந்த வீடு எந்த வீட்டுக்குப் பின், ஏன் பின், எந்த வருஷத்திலிருந்து பின் என்பது வரை வந்தது. சுஃப்யான் மூன்று பிளாப்பியில் நகல் எடுத்தார். முத்தாத்தாள் குங்குமச் சிமிழோடு வருவதைப் பார்த்து மூன்றையும் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"அறுநூத்தி நாப்பதுதான் வருதுங்க. ஒண்ணு குறையுது," என்றார் அவர்.

கந்தப்பன் திரையை மேலும் கீழும் தேடினார். முதல் கட்டத்தில் சொந்தத்திலேயே மூத்த அவரப்பாளையத்துப் பெரியவர்கள் இருந்தார்கள். இரண்டு தரம் எண்ணினார். பிறகுதான் தெரிந்தது, பட்டியலில் ஐயாசாமி இல்லை.

"மச்சான், உங்க பேரைச் சொல்லலீங்களே," என்றார் மெதுவாக. கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் அவருக்குப் பட்டது. முத்தாத்தாள் சிமிழைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

ஐயாசாமி அப்போதுதான் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்தார். கதவுப்பிடியைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

"என்ற பேரு எதுக்குங்க மாப்ள? வெள்ளிக்கிழமை வண்டியில முன்சீட்டுல நான்தானே உக்காந்து வாரேன்? அழைக்கப் போற ஆளு பேரை யாராச்சும் அழைக்கிற பட்டியல்ல எழுதுவாங்களா?"

முத்தாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் வெகு நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது அவள் அண்ணி வீடு. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் அங்கே இல்லை.

கந்தப்பனுக்குக் கால் ஓய்ந்தது. புதன்கிழமை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, கம்ப்யூட்டர் முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மவுஸைப் பிடித்து லேசாக நகர்த்தினார். அம்புக்குறி எண்ணெய் போட்ட பழக்கத்தில் வழுக்கி, மேலே அந்த வரிசைப்படுத்தும் பொத்தானின்மேல் போய் நின்றது.

"கையெ எடுங்க மாப்ள," என்றார் ஐயாசாமி.