சகலை செய்த விளக்கு

என் சகலை வரலாற்று வாத்தியார். நான் பதினெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

மாமனார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறார். கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவர் மேஜைக்கு எல்இடி விளக்கு செய்து கொடுத்தவன் நான். வோல்டேஜ் ஏறினால் அது பளீரென்று எரியும், இறங்கினால் அழுதுவடியும். இரண்டு தடவை எல்இடி கருகியும் போனது. அதெல்லாம் வோல்டேஜின் குற்றம் என்று சொல்லிவைத்திருந்தேன், மாமனாரும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனால், சகலை அந்த மேஜை முன்னால் புது விளக்கோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்று கால் ஐசி ஒன்று, ரெசிஸ்டர் ஒன்று, சூடு தணிக்க ஓர் அலுமினியத் தகடு. அவ்வளவுதான்.

“கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட், சகல. வோல்டேஜ் என்ன ஆட்டம் போட்டாலும் எல்இடிக்குப் போற கரண்ட் மாறாது. எவ்வளவு போகணும்னு இந்த ரெசிஸ்டர்தான் முடிவு பண்ணுது. வீடியோ பாத்துத்தான் செஞ்சேன்.”

சாலிடர் வைத்த இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. அதில்கூட ஒரு குறை சொல்ல முடியவில்லை. மாமியார் வேறு, “சின்ன மாப்பிள்ளைக்கு வேலை எவ்ளோ சுத்தம்!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாரும் சாப்பிட உள்ளே போனார்கள். நான் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி மேஜைக்குத் திரும்பினேன். கரண்ட்டை அளக்க சகலை விளக்கோடு கோத்திருந்த மீட்டர் 348 மில்லிஆம்பியர் காட்டியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, விளக்குக்குப் போகும் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்தேன். ஷார்ட். ஆமாம், வேண்டுமென்றேதான். புகை வரும், ஐசி போகும், கூடவே சகலையின் மானமும் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

விளக்கு அணைந்தது. மீட்டரில் அதே 348. புகையைக் காணோம். ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் விளக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்தது.

“ஷார்ட் பண்ணியே பாத்துட்டீங்களா சகல!”

பின்னால் சகலை. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம். “எனக்கு அந்தத் தைரியம் வரல. மாமா, இங்க வாங்க! பெரிய மாப்பிள்ளை டெஸ்ட் பண்ணிட்டாரு!”

மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் இதை மேஜையில நிரந்தரமா வைப்பேன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தேன் மாப்பிள்ளை. சொல்லுங்க, வைக்கலாமா?”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். மறுபேச்சு பேசமாட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே, புது விளக்கு வெளிச்சத்தில் இடுக்கியால் ஒரு குட்டித் திருகை எடுத்தார். என் விளக்கில் மூன்று தடவையாவது தவறவிடுவார். இன்றைக்கு முதல் தடவையிலேயே எடுத்துவிட்டார்.

“வைங்க மாமா,” என்றேன். வாயெல்லாம் கசந்தது.

என் விளக்கை நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்த என் மனைவி, யோசனையோடு சொன்னாள்:

“ஏங்க, நம்ம வீட்டுக்கும் அவரையே ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்களேன்.”